படலைக்கு ஒளிக்கதிர் மணி: இரவில் அடிக்கிறது, பகலில் ஏன் பேசாமல் கிடக்கிறது?

14 யூன் 2024, கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பியின் கேள்வி

"அக்கா, படலையின் ஒரு பக்கம் லேசர், மற்றப் பக்கம் எல்.டி.ஆர். என்ற ஒளி உணரி வைத்து, ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினி போர்ட்டில் ஒரு மணி செய்தேன். இரவில் யார் குறுக்கே போனாலும் அடிக்கிறது. பகலில் லேசரைக் கையால் மறைத்தாலும் பேசாமல் கிடக்கிறது. பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு ஆளே இல்லாமல் சும்மா சும்மா அடிக்கிறது. போர்ட் போலி என்றுதான் நினைக்கிறேன். கஸ்தூரியார் வீதியில் வேறு ஒன்று வாங்கவா, இல்லை கொழும்பில் இருந்து அசல் எடுப்பிக்கவா?"

14 யூன் 2024, இரவு

வாங்க வேண்டாம். பழுதான போர்ட் இரவு, பகல் பார்த்துப் பழுதாகாது. நீங்கள் சொன்ன மூன்றும் வெளிச்சத்தின் வேலை.

முதலில் போர்ட்டில் எல்.டி.ஆர். இணைந்த ஏ-0 முனையில் வரும் எண்ணைக் கணினித் திரையில் ஓட விடுங்கள். விடியக் காலை, நண்பகல், பின்னேரம் ஐந்து மணி, இரவு எட்டு மணி. ஒவ்வொரு நேரமும் லேசர் படும்போது ஒரு எண், கையால் மறைத்து ஒரு எண். கொப்பியில் எழுதிப் படம் எடுத்துப் போடுங்கள். எண் இல்லாமல் ஊகத்தில் பேசினால் நாளைக்கும் இதே இடத்தில்தான் நிற்போம்.

15 யூன் 2024

எண்கள் வருவதற்குள் கணக்கைச் சொல்லி வைக்கிறேன். ஊனோ 0 முதல் 5 வோல்ட் வரையான அழுத்தத்தை 0 முதல் 1023 வரையான எண்ணாக மாற்றுகிறது. உங்கள் இணைப்பில் எல்.டி.ஆர். 5 வோல்ட் பக்கம், 10 கிலோ ஓம் தடையி கிரவுண்ட் பக்கம். வெளிச்சம் கூடினால் எல்.டி.ஆரின் தடை இறங்கும், எண் ஏறும்.

கடைகளில் அதிகம் கிடைப்பது 5528 வகை. முழு இருளில் அதன் தடை ஏறத்தாழ 1 மெகா ஓம். லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. 10 லக்ஸில், அதாவது ஒரு சின்ன லைற் எரியும் விறாந்தையின் மங்கலில், 10 முதல் 20 கிலோ ஓம். 1,000 லக்ஸில் ஏறத்தாழ முக்கால் கிலோ ஓம். பகலில் மர நிழலில்கூட 10,000 லக்ஸ் வருவது சாதாரணம், அப்போது 200 ஓமுக்கும் கீழே போய்விடும். 10 கிலோ ஓம் தடையியோடு போட்டால் இருளில் 10, மங்கலில் 400, பகல் நிழலில் 1,005 என்று எண் வரும். லேசர் நேராகப் பட்டால் 1,010 அளவில் நிற்கும்.

ஆக, இரவில் லேசர் இருந்தால் 1,010, மறைத்தால் 10. பகலில் லேசர் இருந்தால் 1,010, மறைத்தால் 1,005. உங்கள் நிரலில் எண் 500க்குக் கீழே இறங்கினால்தான் மணி அடிக்கும் என்று இருக்கிறது. பகல் முழுவதும் எண் அதைவிட இரண்டு மடங்கு மேலேயே நிற்கிறது. லேசர் போனது போர்ட்டுக்கு எப்படித் தெரியும்?

16 யூன் 2024

படம் பார்த்தேன். நண்பகலில் 1,008க்கும் 1,003க்கும் இடையில் ஐந்து எண்தான். போர்ட் நல்ல போர்ட்.

இன்றைக்கே செய்யக்கூடியது: 10 கிலோ ஓமைக் கழற்றி 1 கிலோ ஓம் போடுங்கள். பகல் நிழலில் 870 அளவில் இறங்கி, லேசர் பட்டால் 905 அளவுக்கு ஏறும். வித்தியாசம் முப்பத்தைந்து அளவில் ஆகிவிடும். ஆனால் இது பாதி வைத்தியம். ஒரு முகில் வந்து போனாலே அவ்வளவு எண் ஆடும்.

17 யூன் 2024

மிச்சப் பாதிக்கு ஒரு குழாய் வேண்டும். வயர் ஓட்டும் பிவிசி குழாயில் ஒரு சாண் துண்டு, உள்ளே பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ற், அடியில் எல்.டி.ஆர். ஒன்றரைச் சென்ரிமீற்றர் வாயும் 15 சென்ரிமீற்றர் நீளமும் என்றால், நேர்க்கோட்டில் இருந்து 6 பாகைக்கு மேல் விலகி வரும் வெளிச்சம் எதுவும் நேராக அடிக்குப் போகாது. உள்ளே வெள்ளையாக விட்டால் சுவரில் பட்டுப் பட்டு வெளிச்சம் இறங்கிவிடும். பெயின்ற்தான் முக்கியம், குழாய் அடுத்தது.

குழாய் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் பாருங்கள். யாழ்ப்பாணம் வடக்கு 9.7 பாகை அளவில் இருக்கிறது. இங்கே சூரியன் உதிப்பதும் மறைவதும் நேர்க் கிழக்கு, நேர் மேற்கில் இருந்து இரு பக்கமும் 24 பாகைக்குள்ளேதான். சித்திரை நடுவிலும் ஆவணியில் நல்லூர்த் திருவிழாக் காலத்தை ஒட்டியும் நண்பகலில் தலைக்கு நேர் மேலே நிற்கும். வடக்கையோ தெற்கையோ பார்த்துக் கிடையாக வைத்த ஒடுங்கிய குழாய்க்குள் வருடம் முழுவதும் வெயில் நேராகப் புகாது. மேற்கைப் பார்த்து வைத்தால் வருடத்தில் சில பின்னேரங்கள் வெயில் அடிவரைக்கும் போகும், அந்த நேரம் எந்த எல்.டி.ஆரும் குருடுதான். உங்கள் ஒழுங்கை எந்தப் பக்கம்? படலை தெற்கைப் பார்த்தது என்றால் கதிர் கிழக்கு மேற்காகத்தான் போகவேண்டி வரும். அப்படியென்றால் குழாயைக் கிழக்குப் பக்கத்துத் தூணில் வைக்காதீர்கள். அது மேற்கைப் பார்க்கும், பின்னேர வெயிலை வாங்கும். மேற்குத் தூணில் வைத்தால் காலை வெயில்தான். அந்த நேரம் வீட்டில் ஆட்கள் எழும்பி நடமாடுவார்கள்.

23 யூன் 2024

"பின்னேரம் சும்மா அடிக்கிறது" என்ற இரண்டாவது குறைக்கு வருகிறேன். லேசர் கட்டிய இடத்தின் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். லேசரைக் கிளுவங் கதியாலில் கட்டியிருக்கிறீர்கள். கதியால் உயிருள்ள மரம், காற்றுக்கு ஆடும். இப்போது சோளகம் வீசுகிற காலம். லேசரை ஏந்தும் கட்டை 10 சென்ரிமீற்றர் நீளம் என்று வையுங்கள். அதன் முனை ஒரு மில்லிமீற்றர் அசைந்தால் நாலு மீற்றர் தள்ளி ஒளிப்பொட்டு நாலு சென்ரிமீற்றர் நகரும். எல்.டி.ஆரின் முகமோ அரைச் சென்ரிமீற்றர். நண்பகலில் பொட்டு விலகினாலும் பகல் வெளிச்சம் எண்ணைத் தாங்கிப் பிடித்தது, அதனால் உங்களுக்குத் தெரியவில்லை. வெயில் தாழ்ந்தது, தாங்கியது போய்விட்டது, காற்று மட்டும் மிச்சம் நின்றது. இரவில் காற்று அடங்கியதும் எல்லாம் சரியானதுபோல் இருந்தது.

சீமெந்துத் தூணில் மட்டும் கட்டுங்கள். தூண் இல்லாவிட்டால் இரும்புக் குழாய் ஒன்றை இரண்டு அடி தாட்டுக் கல் போட்டு இறுக்குங்கள். கிடுகு வேலி, பனையோலை வேலி, தகர மறைப்பு எதிலும் வேண்டாம். தகரம் வெயிலுக்கே நெளியும்.

எல்.டி.ஆருக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் துண்டும் ஒட்டிப் பாருங்கள். போத்தல் மூடியின் மெல்லிய பகுதி போதும். பொட்டு மூடியின் எந்த இடத்தில் பட்டாலும் முழு மூடியும் சிவப்பாக ஒளிரும், எல்.டி.ஆருக்கு அது போதும். வெளிச்சம் கொஞ்சம் குறையும். ஆனால் குறி பார்க்கிற இடம் அகலமாகிவிடும்.

30 யூன் 2024

இதுவரை எழுதியது எல்லாம் முட்டுக் கொடுத்தது. இனி எழுதுவதுதான் நான் உண்மையில் சொல்ல வந்தது.

"எவ்வளவு வெளிச்சம்?" என்று கேட்கிற மணி என்றைக்கும் உங்களை ஏமாற்றும். முகிலும் சூரியனும் தெரு லைற்றும் அதற்கு ஒன்றுதான். கள்ளன் ஒரு ரோச்சை எல்.டி.ஆரின் மேல் பிடித்துக்கொண்டு ஆறுதலாக உள்ளே வரலாம், மணி பேசாது. "வருகிற வெளிச்சம் என்னுடையதா?" என்று கேட்கிற மணிதான் வேண்டும்.

நல்லூர்த் தேரன்று அவ்வளவு சனத்துக்குள் ஒருவரைத் தேடும்போது போனில் என்ன சொல்வோம்? "கையைத் தூக்கி ஆட்டு" என்போம். அதையேதான் லேசருக்கும் சொல்லப்போகிறோம். லேசரை 5 வோல்ட்டில் நேராகக் கொடுக்காமல் போர்ட்டின் ஒரு வெளியீட்டு முனையில் கொடுங்கள். கடையில் வாங்கும் சின்ன லேசர்ப் பெட்டி 30 மில்லி அம்பியர் அளவில் எடுக்கும். ஊனோவின் முனைக்கு 20 வரை நல்லது, 40 என்பது தாண்டக் கூடாத எல்லை. ஆகவே சின்ன மின்னோட்டத்தால் பெரியதைத் திறந்து மூடும் ஒரு திரான்சிற்றரை இடையில் போடுங்கள்.

பிறகு இப்படி ஓட விடுங்கள். லேசரை எரியவிட்டு, கொஞ்சம் பொறுத்து, எண்ணை வாசியுங்கள். அணைத்து, அதே அளவு பொறுத்து, மீண்டும் வாசியுங்கள். முதல் எண்ணில் இருந்து இரண்டாவதைக் கழியுங்கள். அந்தக் கழித்த மிச்சம் மட்டும்தான் உங்கள் லேசர். முகில் வந்தால் இரண்டு எண்ணும் சேர்ந்து இறங்கும், மிச்சம் பெரிதாக மாறாது. ரோச் அடித்தால் இரண்டும் சேர்ந்து மேலே போகும், மிச்சம் சுருங்கிவிடும், மணி அடிக்கும். லேசரின் வயரை வெட்டினாலும் அடிக்கும். லேசர் தேய்ந்து மங்கினாலும் அடிக்கும். முன்னே பழுது வந்தால் மணி செத்துக் கிடந்தது. இப்போது பழுது வந்தால் சத்தம் வரும். எச்சரிக்கை மணிக்கு இதைவிடப் பெரிய குணம் ஒன்றை நான் கேட்கமாட்டேன்.

இரவில் தெரு லைற்றின் துடிப்பும் எண்ணில் தெரியும். நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், லைற் நொடிக்கு 100 தரம் துடிக்கும். ஒரே ஒரு தரம் வாசிக்காமல் 20 மில்லி நொடிக்குத் தொடர்ந்து வாசித்துச் சராசரி எடுத்தால் அந்தத் துடிப்பு அழிந்துவிடும். ஊனோ ஒரு வாசிப்புக்கு ஒரு மில்லி நொடியின் பத்தில் ஒரு பங்குதான் எடுக்கும், நேரம் தாராளம்.

2 யூலை 2024

"எவ்வளவு பொறுக்க வேண்டும்?" நல்ல கேள்வி, எல்.டி.ஆரின் பலவீனத்தில் கை வைக்கிறது. அது கட்மியம் சல்பைட்டால் ஆனது, மந்தமானது. வெளிச்சம் பட்டு ஏற 20 மில்லி நொடியும், போன பிறகு இறங்க 30 மில்லி நொடியும் சாதாரணம். எரிய 60, அணைய 60 என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 120 மில்லி நொடி.

இப்போது ஆளைப் பாருங்கள். நொடிக்கு 1.2 மீற்றர் நடக்கிறவரின் கால் 12 சென்ரிமீற்றர் அகலம் என்றால் கதிரை மறைப்பது நொடியில் பத்தில் ஒரு பங்கு. முன்னே வீசும் கால் இன்னும் வேகம். ஒரு சுற்றுக்குள்ளேயே வந்து போய்விடும். இடுப்பு மட்டத்தில் உடம்பு மறைப்பது அதைவிட இரண்டு மடங்கு நேரம், அது பிடிபடும். ஓடினால் அதுவும் நிச்சயம் இல்லை.

ஆகவே மேலே சொன்ன கழித்தல் முறைக்கு எல்.டி.ஆரை விட்டு, வெளிச்சம் பட்டால் திறக்கும் ஒளித் திரான்சிற்றருக்கு மாறுங்கள். அது மைக்ரோ நொடிக் கணக்கில் ஓடும். ஒரு மில்லி நொடி எரிய, ஒரு மில்லி நொடி அணைய விட்டாலும் தாங்கும். தொடர்ந்து ஐந்து சுற்று மிச்சம் இல்லை என்றால் மணி அடி என்று எழுதலாம், அது வெறும் 10 மில்லி நொடி, ஓடுகிறவர் கூடத் தப்பமாட்டார். 20 மில்லி நொடிச் சராசரியும் இனித் தேவையில்லை. இரண்டு வாசிப்பும் அவ்வளவு கிட்டக் கிட்ட நடக்கும்போது தெரு லைற்றின் துடிப்பு இடையில் அதிகம் மாறாது.

வாங்கும்போது ஒன்று. கறுப்பு உடம்போடு வருகிற ஒளித் திரான்சிற்றர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கு மட்டும்தான். அந்தக் கறுப்பு நிறம், சிவப்பு லேசரை உள்ளே விடாது. கண்ணாடிபோல் தெளிந்த உடம்பு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

3 யூலை 2024

நொடியில் பத்தில் ஒரு பங்கு என்றது நிதானமாக நடக்கிற ஆளுக்கு. சுன்னாகத்தில் இருந்து ஒரு அண்ணை கேட்கிறார், சைக்கிளில் வந்தால்? சைக்கிளின் சட்டமும் காலும் சில்லும் மாறி மாறி மறைக்கும், நடக்கிறவரைவிட நன்றாகவே பிடிபடும்.

7 யூலை 2024

லேசர் கண்ணில் படுவது பற்றி எழுதாமல் விட முடியாது. கடையில் வாங்கும் அந்தச் சின்னப் பித்தளைத் தலை 650 நனோமீற்றர், 5 மில்லி வாட் என்று விற்கப்படுகிறது. ஒரு மில்லி வாட்டுக்குக் கீழே என்றால், கண் தானாகச் சிமிட்டுகிற கால் நொடிக்குள் பெரிய கெடுதி வராது என்று எடுத்துக்கொள்வார்கள். ஐந்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. சின்னப் பிள்ளைகள் சிவப்புப் பொட்டைக் கண்டால் அது எங்கே இருந்து வருகிறது என்று குனிந்து பார்ப்பார்கள். அதுதான் பிள்ளைகளின் இயல்பு. என் அக்காவின் மகன் இரண்டு வயதில் முதலில் செய்ததே அதுதான், நான் பாய்ந்து கையால் மறைத்தேன்.

பிள்ளைகள் புழங்கும் வளவில் பகலில் லேசரை எரியவே விடாதீர்கள். இரவு பத்துக்குப் போட்டு விடிய நிறுத்துங்கள். ஒழுங்கைப் பக்கம் கதிர் தப்பிப் போகாமல் எதிர்த் தூணில் கறுப்புப் பலகை வையுங்கள். அணைத்து அணைத்து எரிப்பதால் சராசரி பாதியாகிறதே என்று அதைப் பாதுகாப்பாக எடுக்க வேண்டாம்.

21 யூலை 2024

"லேசரே எதற்கு, உடம்புச் சூட்டை உணரும் பி.ஐ.ஆர். போதுமே" என்று ஒருவர். அறைக்குள் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அது பார்ப்பது உடம்புச் சூட்டுக்கும் பின்னால் உள்ள சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. நம்முடைய வெக்கையில், வெயில் குடித்த மதில் தோலின் சூட்டுக்குக் கிட்ட வந்துவிடும். அப்போது ஆள் நின்றாலும் மதிலோடு மதிலாகத்தான் தெரிவார். இரவு இரண்டு மணிக்கு நன்றாக வேலை செய்யும், நாய்க்கும் அடிக்கும்.

நாய் என்றதும் இன்னொன்று. ஒரு கதிர் வைக்காமல் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு வையுங்கள். தரையில் இருந்து 40 சென்ரிமீற்றரில் ஒன்று, 80இல் ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் மறைந்தால் மட்டும் அடி. கோழியும் பூனையும் ஊர் நாயும் கீழ்க் கதிரைத்தான் மறைக்கும். விழுகிற பூவரசம் இலை ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மறைக்கும். நிமிர்ந்து நடக்கிற ஆள் இரண்டையும் மறைப்பார். குனிந்து தவழ்ந்து வருகிறவருக்கும் பிடிபட வேண்டும் என்றால், கீழ்க் கதிர் மட்டும் அரை நொடிக்கு மேல் மறைந்தாலும் அடி என்று ஒரு வரி சேர்க்கலாம். நாய் குறுக்கே படுத்தால் அன்றைக்கு நித்திரை போகும், அது உங்கள் தெரிவு.

20 ஓகஸ்ட் 2024

படலைக்கு இரண்டு பக்கமும் வயர் இழுப்பது தொல்லை என்று தம்பி எழுதியிருக்கிறார். நிலத்தைக் கிண்டாமல் செய்ய ஒரு வழி உண்டு. சைக்கிளின் பின் மட்காட்டில் இருக்கும் சிவப்பு றிஃப்ளெக்ரரை எதிர்த் தூணில் பூட்டுங்கள். லேசரும் ஒளித் திரான்சிற்றரும் ஒரே பக்கத்தில், ஒட்டினாற்போல்.

முகம் பார்க்கும் கண்ணாடி வைத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் கதிர் இரண்டு பாகை திரும்பும், காற்றுக் காலத்தில் வாழ்க்கை வெறுத்துவிடும். றிஃப்ளெக்ரரின் உட்பக்கத்தை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். மூன்று சின்னத் தளங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சேர்ந்த மூலைகள் வரிசை வரிசையாக இருக்கும். அப்படியான மூலைக்குள் போன வெளிச்சம் மூன்று தரம் பட்டு, வந்த வழியே திரும்பும், றிஃப்ளெக்ரர் கொஞ்சம் சரிந்து நின்றாலும்கூட. அதனால்தான் காரின் லைற் பட்டால் அந்தச் சாரதிக்கே பளிச்சென்று தெரிகிறது. சிவப்பு லேசர் சிவப்புப் பிளாஸ்ரிக்கூடாகத் தாராளமாகப் போய் வரும்.

திரும்பி வருகிற வெளிச்சம் மிகக் குறைவு. யூன் 30இல் சொன்ன கழித்தல் முறை இல்லாமல் இது பகலில் நடக்காது. இன்னொரு பொறி: கிட்டத்தில் போகிற வெள்ளை வேட்டியும் சில்வர் குடமும் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பும். ஆகவே மிச்சம் குறைந்தால் மட்டும் அல்ல, திடீரென்று கூடினாலும் அடி என்று எழுதுங்கள்.

21 ஓகஸ்ட் 2024

நேற்றுச் சைக்கிள் என்று எழுதிய பிறகு அப்பாவின் நினைவு விடவில்லை. 1990க்குப் பிறகு ஐந்தாறு வருடம் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைப் பொருள். அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற 6 வோல்ட்டை நாலு இருவாயி (டயோட்) வைத்து நேர் மின்னாக்கி ரேடியோ கேட்பார். நாங்கள் பிள்ளைகள் முறை வைத்துச் சுற்றுவோம். செய்தி தொடங்கினால் வேகம் குறையக் கூடாது, குறைந்தால் குரல் அமுங்கிவிடும். அந்த டைனமோ 3 வாட் தரும். ஒரு ஊனோவும் லேசரும் சேர்ந்து அரை வாட்டைத் தாண்டாது. அன்றைக்கு ஒரு சைக்கிள் தந்த சக்தியில் ஆறு படலையைக் காவல் காக்கலாம்.

இது இழைக்குப் புறம்பானதுதான். ஆனால் "சாமான் கிடைக்காது, அதனால் செய்ய முடியாது" என்று ஒருவர் எழுதியதற்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

15 செப்ரெம்பர் 2024

லேசர் வேண்டாம் என்கிற வீடுகளுக்கு அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாது, பிள்ளைகளை இழுக்காது, கள்ளனுக்கும் பொட்டுத் தெரியாது. ரிவி ரிமோட்டில் உள்ள அதே சாமான்தான்: அனுப்ப ஒரு அகச்சிவப்பு எல்.இ.டி., வாங்க 38 கிலோ ஹேர்ட்ஸ் உணரி. இந்த உணரி நொடிக்கு 38,000 தரம் துடிக்கும் ஒளியை மட்டும் ஏற்கும், வெயிலைத் தள்ளிவிடும். யூன் 30இல் நாம் நிரலில் செய்த கழித்தலை இது தன் வயிற்றுக்குள்ளேயே செய்துகொள்கிறது.

ஒரே மூச்சில் 38 கிலோ ஹேர்ட்ஸைத் தொடர்ந்து அனுப்பினால் பலருக்கும் இது வேலை செய்யாது. ரிமோட்டுக்கான உணரி விடாமல் வருவதை இரைச்சல் என்று எடுத்துத் தன் காதைத் தானே பொத்திவிடும். 600 மைக்ரோ நொடி அனுப்பி, சில மில்லி நொடி ஓய்ந்து, மீண்டும் அனுப்புங்கள். ஒளி மறிப்புக்கென்றே டி.எஸ்.எஸ்.பி. 4038 என்று ஒரு உணரி உண்டு, கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஊனோவில் ரோன் (tone) கட்டளையால் 38,000ஐ எடுக்கலாம். ஆனால் அது ஓடும்போது 3, 11 முனைகளின் பி.டபிள்யூ.எம். என்ற துடிப்பு வெளியீடு குழம்பும், அவற்றை வேறு வேலைக்கு வைக்காதீர்கள்.

எல்.இ.டி. எரிகிறதா என்று போன் கமெராவில் பாருங்கள், ஊதா நிறமாகத் தெரியும். பின் கமெராவில் தெரியாவிட்டால் முன் கமெராவில் பாருங்கள்.

எல்லாம் சரி, ஆள் நின்றாலும் மணி அடிக்கவில்லை என்றால்? ஒளி மிதமிஞ்சிவிட்டது. எல்.இ.டி.யின் ஒளி லேசர்போல் கோடாகப் போகாது, விரியும். வெள்ளை அடித்த மதிலில் பட்டு ஆளைச் சுற்றிக்கொண்டு உணரிக்குப் போய்விடும். இரண்டு பக்கமும் கறுப்புக் குழாய் போடுங்கள், எல்.இ.டி.யின் தடையியைக் கூட்டுங்கள். 220 ஓமில் 17 மில்லி அம்பியர் போகும். மூன்று மீற்றர்ப் படலைக்கு அதிலும் குறைவாகவே போதும். 1 கிலோ ஓம் வைத்துத் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

6 ஒக்ரோபர் 2024

தம்பி எழுதுகிறார்: சீமெந்துத் தூண், தெளிந்த ஒளித் திரான்சிற்றர், றிஃப்ளெக்ரர். பகலிலும் அடிக்கிறதாம். ஆனால் இரண்டு நாளாக மிச்சம் மெல்ல மெல்லக் குறைகிறதாம்.

குழாய்க்குள் எட்டிப் பாருங்கள், லேசரை அணைத்துவிட்டு.

7 ஒக்ரோபர் 2024

குளவி. மண் கூடு பாதி கட்டி முடித்திருக்கிறது. விரல் நுழைகிற எந்த ஓட்டையையும் அது விடாது, கறுப்புக் குழாய் என்றால் கேட்கவே வேண்டாம். வாயில் ஒரு தெளிந்த கண்ணாடித் துண்டை சிலிக்கனால் ஒட்டுங்கள், மழைக்கும் உதவும். கண்ணாடியைக் கொஞ்சம் முன்னுக்குச் சரித்து ஒட்டினால் தண்ணீர் வடிந்துவிடும். செம்மண் புழுதி பிடிக்கும், கிழமைக்கு ஒரு தரம் துணியால் துடையுங்கள். எண்ணைப் பார்த்தே முடிவு செய்யலாம்: துடைத்த அன்று இருந்த மிச்சத்தில் பாதிக்கு வந்தால், மணி அடிக்காமல் ஒரு சின்ன மஞ்சள் எல்.இ.டி. எரியட்டும். விறாந்தையில் தெரிகிற இடத்தில் வையுங்கள்.

28 நவம்பர் 2024

வெள்ளம். இந்தக் கிழமை யாரும் மணியைப் பற்றி யோசிக்கிற நிலையில் இல்லை. தாழ்ந்த வளவு உள்ளவர்கள் பற்றரியையும் போர்ட்டையும் கழற்றி மேலே வையுங்கள். நனைந்த போர்ட்டை உடனே மின்னில் போடாதீர்கள். கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு பார்க்கலாம், பல தரம் பிழைத்துவிடும்.

9 பெப்ரவரி 2025

இன்று பகல் நாடு முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதாக அமைச்சர் சொல்கிறார். இரண்டு பேர் உடனே கேட்டிருக்கிறார்கள்: மின்சாரம் போனதும் எங்கள் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது, ஏன்?

போர்ட் பற்றரியிலும் லேசர் போன் சார்ஜரிலும் இருந்தால் அப்படித்தான். லேசர் செத்தது, போர்ட் பார்த்துக்கொண்டிருந்தது. மணி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. இரண்டையும் ஒரே பற்றரியில் இருந்து கொடுங்கள்.

பவர் பாங்க் வேண்டாம். சின்ன அளவு மின்னோட்டம் போனால் "போன் நிரம்பிவிட்டது" என்று எண்ணிப் பலதும் தானே அணைந்துவிடும். யு.பி.எஸ்.இல் வருகிற 12 வோல்ட், 7 அம்பியர் மணிப் பற்றரி நல்லது. அதில் 84 வாட் மணி இருக்கிறது. பாதியைத்தான் எடுப்போம் என்றாலும், அரை வாட்டுக்கு மூன்று நாள் தாங்கும். 12 வோல்ட்டை ஊனோவின் வட்டத் துளையில் நேராகக் கொடுத்தால் மிச்ச 7 வோல்ட்டும் போர்ட்டின் மேல் சூடாகப் போகும். இடையில் எல்.எம். 2596 போட்டு 5 வோல்ட்டாக இறக்கிக் கொடுங்கள். சைரனையும் 12 வோல்ட்டிலேயே ரிலே என்ற மின் ஆளி வைத்து ஓட்டலாம். ரிலேச் சுருளுக்குக் குறுக்கே ஒரு இருவாயி போட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் அணைக்கும்போது எழும் உதை திரான்சிற்றரைக் கொன்றுவிடும்.

16 மார்ச் 2025

உரும்பிராயில் இருந்து ஒரு ஐயா. தோட்டக் கிணற்றடியில் தண்ணி இறைக்கும் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள், இந்தக் கதிரைக் கிணற்றைச் சுற்றிக் கட்டலாமா என்று கேட்கிறார்.

ஐயா, கட்டலாம், ஆனால் வேண்டாம். வெங்காயத் தாள், வாழை இலை, கொக்கு, பக்கத்துத் தோட்டத்து மாடு, எல்லாம் குறுக்கே வரும். ஒரு கிழமையில் நீங்களே அதை நிறுத்திவிடுவீர்கள். ஒளிக்கதிர் ஒடுங்கிய வாசலுக்கு உரியது. ஆட்கள் அந்த இடத்தால் மட்டும்தான் வர முடியும் என்ற நிலை இருக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு மெல்லிய வயர் போதும். மோட்டரின் காலில் உள்ள ஓட்டைக்கூடாக வயரை ஓட்டி, ஒரு முனையைப் போர்ட்டின் உள்ளீட்டிலும் மற்றதைக் கிரவுண்டிலும் கொடுங்கள். உள்ளீட்டில் இருந்து 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் தடையி ஒன்று. போர்ட்டுக்கு உள்ளேயே 20 முதல் 50 கிலோ ஓம் வரை ஒன்று உண்டு, ஆனால் நீண்ட வயருக்கு அது பலவீனம், மோட்டர் தொடங்கும்போது எழும் இரைச்சலுக்கே தடுமாறும். வயர் முழுதாக இருக்கும்வரை உள்ளீடு 0. மோட்டரைக் கழற்ற வேண்டுமென்றால் வயரை வெட்டியாக வேண்டும், வெட்டினால் 5 வோல்ட், சைரன். இதற்கு வெயிலும் இல்லை, குளவியும் இல்லை. வீடு தோட்டத்தில் இருந்து எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள், சைரனை எங்கே வைப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.